ஒரு சதுர அடி நகரை மீன்: ரோமானியத் தரையை நம் திண்ணையில் போடும் முறை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் ஊரில் மொசைக் தரை என்றால், சிமென்ட்டில் மார்பிள் சில்லுகளைக் கலந்து கொட்டி, காய்ந்தபின் மெஷின் வைத்துத் தேய்த்து வழவழப்பாக்குவார்களே, அது. நாற்பது வருஷத்துக்கு முன் கட்டின வீடுகளில் எங்கே பார்த்தாலும் அதுதான். நான் சொல்லவருவது வேறு. சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கல்லை உடைத்து, ஒவ்வொன்றாகக் கையால் பதித்து, தரையிலேயே படம் கொண்டுவருகிற ரோமானிய வேலை. அந்த முறையில் ஒரு சதுர அடிக்கு ஒரு நகரை மீன் போடுவது எப்படி என்று எழுதுகிறேன். இரண்டு மாதத்துக்கு மேல் பிடிக்கும். அதில் ஒன்றரை மாதம் சும்மா காய்வதற்கு.

நான் ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிப் பக்கம் டைல்ஸ் மேஸ்திரி. இருபத்தேழு வருஷமாக இதே வேலை. நடுவில் நாலு வருஷம், புதுச்சேரியில் பெண் எடுத்த என் மச்சான் வழியாக பிரான்ஸின் தெற்குப் பக்கம் ஒரு டைல்ஸ் குழுவில் இருந்தேன். அங்கே லூப்பியான் என்று ஒரு சின்ன ஊர். பக்கத்தில் தோ என்கிற பெரிய உப்பங்கழி, அதில் சிப்பி வளர்க்கிறார்கள். வண்டியை விட்டு இறங்கினதுமே காற்றில் நம் மண்டபம் கடற்கரை வாசனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் அங்கே கூட்டிப்போய் ஒரு கொட்டகைக்குள் விட்டார். மேலே நடைபாலம், கீழே தரை. ஒன்றரை ஆயிரம் வருஷத்துக்கு முன் போட்ட தரை.

வில்லா என்றுதான் அதற்குப் பெயர். ராமநாதபுரம் பைபாஸில் போர்டு வைத்து விற்கிற வில்லா இல்லை. அன்றைக்கு பிரான்ஸ் நாடு காலியா என்கிற ரோமானிய மாகாணங்களாக இருந்தது. அங்கே வில்லா என்றால் நிலபுலன், களம், தொழுவம், திராட்சைத் தோட்டம், வேலையாட்கள் எல்லாம் சேர்ந்த பண்ணை. நடுவில் முதலாளியின் வீடு. லூப்பியானில் கிமு முதல் நூற்றாண்டில் சாதாரணப் பண்ணையாகத்தான் ஆரம்பித்திருக்கிறார்கள். உப்பங்கழிக் கரையில் திராட்சை மது ஏற்றுகிற ஜாடிகளைச் சுட்டு வியாபாரம் செய்திருக்கிறார்கள். கிபி 5ஆம் நூற்றாண்டில் வீட்டைப் பெரிதாக்கி, அறை அறையாக மொசைக். இரண்டு கோஷ்டி வேலை செய்திருக்கிறது என்று வடிவங்களை வைத்து ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். ஒரு கோஷ்டியின் கை பிரான்ஸின் தென்மேற்கே அக்கிட்டேன் பகுதிப் பாணி, இன்னொன்று சிரியாப் பக்கத்துப் பாணி. இரண்டு மேஸ்திரி ஒரே வீட்டில் வேலை பார்த்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை நினைத்துச் சிரித்தேன், மச்சானுக்குப் புரியவில்லை.

அன்று எடுத்த போட்டோவை அம்மாவுக்கு அனுப்பினேன். போனில் வந்த முதல் கேள்வி: "பூவெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இதுக்குக் கீழ என்னத்தப்பா போட்டிருக்கான்?"

அம்மா சித்தாளாக இருந்தவர். மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு ஜல்லி அடிக்கிற வேலை. செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து பரப்பி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் முழுக்கத் தட்டுவார்கள். அடித்த கட்டை துள்ளித் திரும்பி வந்தால் தளம் இறுகிவிட்டது என்று அர்த்தம். அவர் கேட்டது சரியான கேள்வி. மொசைக்கில் நம் கண்ணுக்குத் தெரிவது மேலே ஒரு சென்டிமீட்டர்தான். ஆயிரத்தைந்நூறு வருஷம் தாங்கினது அதற்குக் கீழே இருப்பது.

கிமு முதல் நூற்றாண்டில் விட்ருவியஸ் என்கிற ரோமானியக் கட்டடக் கலைஞர் அந்தக் கீழ்வேலையை எழுதியே வைத்திருக்கிறார். அடியில் கைநிறையும் அளவுக்குக் குறையாத கல்லைப் பரப்ப வேண்டும். அதன்மேல் உடைகல்லும் சுண்ணாம்பும் கலந்த தளம், முக்கால் அடிக்குக் குறையாமல். புது ஜல்லி என்றால் மூன்றுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு. இடித்த கட்டடத்து ஜல்லி என்றால் ஐந்துக்கு இரண்டு. ஆட்களை வரிசையாக விட்டு மரக்கட்டையால் நன்றாக அடித்து இறுக்க வேண்டும். அதற்குமேல் செங்கல் பொடி மூன்று, சுண்ணாம்பு ஒன்று, ஆறு விரல்கடை கனம். அப்புறம்தான் கல். இதை வாசித்துக் காட்டியபோது அம்மா, "நம்ம மாடிதானே இது" என்றுவிட்டு வெற்றிலை மடிக்கப் போய்விட்டார். காலியாவில் தோண்டிப் பார்த்த தரைகளில் எல்லாம் இந்தக் கணக்கு அப்படியே இருப்பதில்லை. சில இடத்தில் அடிக்கல்லே இல்லை, சில இடத்தில் தளம் பாதிக் கனம்தான். மேஸ்திரிகள் எங்கேயும் மேஸ்திரிகள்தான்.

சரி, வேலைக்கு வருவோம். மரச்சட்டம் ஒன்று வேண்டும்: உள் அளவு ஒரு அடிக்கு ஒரு அடி, ஆழம் ஆறு சென்டிமீட்டர். அதைக் கடப்பாக்கல் துண்டு ஒன்றின்மேல் வைத்துக்கொள்ளுங்கள். திண்ணைத் தரையிலேயே நேராகப் போடலாம்தான். ஆனால் முதல் தடவை தப்பாகும், தப்பினால் தூக்கி ஓரமாக வைக்கிற மாதிரி இருப்பது நல்லது. ரோமானியர்களும் நுணுக்கமான படங்களை இப்படித் தனித் தட்டில் பட்டறையிலேயே செய்து கொண்டுபோய்த் தரை நடுவில் பதித்திருக்கிறார்கள்.

சுண்ணாம்பு. கடையில் பாக்கெட்டில் வருகிற தூள் வேண்டாம். எப்போது நீற்றினது, எத்தனை நாள் காற்றுப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. சுட்ட கிளிஞ்சலாக இரண்டு கிலோ வாங்கி வீட்டில் நீற்றுங்கள். மண்பானையிலோ இரும்பு டிரம்மிலோ தண்ணீரை வைத்துக்கொண்டு, அதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பைப் போட வேண்டும். மாற்றிச் செய்யாதீர்கள், சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி சூட்டில் இளகிவிடும். கண்ணாடி போடாமல் செய்யக்கூடாது. எங்கள் தெருவில் ஒருவருக்கு ஒரு கண்ணில் இன்றும் பூ விழுந்தமாதிரிதான் இருக்கிறது. குழந்தைகளை உள்ளே அனுப்பிவிட்டு ஆரம்பியுங்கள். கொதி அடங்கினதும் மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கிற மாதிரி விட்டு, மூடி, பதினைந்து நாள் மறந்துவிடுங்கள். எடுக்கும்போது கெட்டித் தயிர் மாதிரி இருக்க வேண்டும்.

அதே நாளில் இன்னொரு பானையில் பத்துக் கடுக்காயைத் தட்டிப்போட்டு, எலுமிச்சை அளவு கருப்பட்டி சேர்த்து ஊறவையுங்கள். இது ரோமானிய முறை இல்லை, அம்மா முறை. அவர்களிடம் கடுக்காய் கிடையாது. ஆனால் கலவை விரைத்துப்போகாமல் கைக்கு வாகாக இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. முதல் தடவை, சாயல்குடிக் கருப்பட்டி வீட்டில் நிறைய இருக்கிறதே என்று அரைக் கிலோ போட்டுவிட்டேன். மறுநாள் காலையில் சட்டத்துக்குள் கலவை தெரியவில்லை, எறும்புதான் தெரிந்தது.

தண்ணீரும் மணலும் நம் கரையில் பெரிய வில்லங்கம். கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் அது கால் கழுவத்தான். குழாயில் வருகிற காவிரித் தண்ணீரோ விலைக்கு வாங்குகிற குடத்துத் தண்ணீரோதான் கலவைக்கு. கடல் மணலைத் தொடவே தொடாதீர்கள். வீட்டில் அலசினால் முழுசாகப் போகிற உப்பு இல்லை அது. சில வருஷத்துக்கு முன், கடற்கரையை ஒட்டி ஒரு வீட்டில் தரை போட்டேன். கீழே கொட்டின மணல் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை, காண்டிராக்டர் சொல்லவும் இல்லை. இரண்டாவது மழைக்காலத்தில் டைல்ஸ் இடுக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, ஒவ்வொன்றாக எகிறிவிட்டது. கூலியில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். கேட்காமல் விட்டது என் தப்பு. நாம் செய்கிற இந்தப் பலகையில் மணலே இல்லை. செங்கல் பொடியும் மார்பிள் பொடியும்தான்.

செங்கல் பொடி என்றவுடன் நன்றாக வெந்த செங்கல்லைத் தேடிப் போகாதீர்கள். இங்கே அரைவேக்காடுதான் உசத்தி. சூளை ஓரத்தில் சரியாக வேகாமல், தட்டினால் மொத்தென்று சத்தம் வருகிற கல்லை எடுங்கள். குறைந்த சூட்டில் வெந்த களிமண்தான் சுண்ணாம்போடு கூடிப் பிடிக்கும்; ஈரத்திலும் இறுகும். ரோமானியர் குளியலறைத் தொட்டிக்கெல்லாம் செங்கல் பொடிச் சுண்ணாம்பைப் பூசினது இதற்காகத்தான். நம் பெரியவர்கள் சுர்க்கி என்று சொன்னதும் இதே சரக்கு. பாதிக்கு மேல் உடைத்து ஜல்லியாக, மொச்சைக்கொட்டை அளவில், மூன்று லிட்டர். மீதியை இடித்துச் சல்லடையில் சலித்துப் பொடியாக இரண்டு லிட்டர்.

பதினைந்து நாள் கழித்து, முன்தினமே நனையப்போட்ட ஜல்லி மூன்று பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு, கடுக்காய்த் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, சட்டத்தில் மூன்று சென்டிமீட்டர் போடுங்கள். மரக்கட்டையால் தட்டுங்கள். ஒரு அடிச் சதுரம்தானே, ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று நினைப்பீர்கள். காலையில் அரைமணி, மாலையில் அரைமணி, மூன்று நாள். இடையில் ஈரச் சாக்குப் போட்டு மூடிவையுங்கள். கட்டை துள்ளினபிறகு அதன்மேல் பொடி மூன்று, சுண்ணாம்பு ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் இழுத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, மணியாஸ் கட்டையால், அதாவது பூச்சைத் தேய்க்கிற கைப்பிடி மரப்பலகையால், தேயுங்கள். வழவழப்பாக்க வேண்டாம். மேலே வருவது பிடிக்கச் சொரசொரப்பு வேண்டும். ஒரு வாரம் நிழலில் விடுங்கள். ஆனி, ஆடியில் இதை ஆரம்பிக்காதீர்கள். கச்சான் காற்று ஈரத்தை உறிஞ்சி ஒரே ராத்திரியில் பாளம் பாளமாகப் பிளந்துவிடும், போதாததற்கு மணலையும் கொண்டுவந்து தூவும். ஐப்பசி, கார்த்திகைதான் சுண்ணாம்புக்கு மாதம்.

சிமென்ட் போட்டால் ஒரே நாளில் முடியுமே என்று என் பையன்கள் கேட்டார்கள். முடியும். ஆனால் சிமென்ட் ஒன்றரை மணி நேரத்தில் பிடித்துக்கொள்ளும். மீன் கண்ணை ஒரு நூல் தள்ளிவைக்க நினைத்தால் முடியாது. சுண்ணாம்பு காத்திருக்கும். இன்னொன்றும் உண்டு. போன நூற்றாண்டில் ஐரோப்பாவில் பல பழைய மொசைக்குகளைப் பெயர்த்தெடுத்து, கம்பி கட்டின கான்கிரீட் பலகையில் பதித்தார்கள். உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கி, ஆயிரம் வருஷம் தாங்கின கல் ஐம்பது வருஷத்தில் வெடித்தது. இப்போது அந்தக் கான்கிரீட்டைச் சுரண்டி எடுப்பதே தனி வேலையாக நடக்கிறது. கம்பி துருப்பிடிப்பதைப் பற்றி நம் கடற்கரைக்காரர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

தளம் காய்கிற வாரத்தில் கல் சேர்க்கலாம். காலியாவில் அவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்ச் சுண்ணாம்புக்கல்லையே உடைத்தார்கள்: வெள்ளை, சாம்பல், மஞ்சள், கறுப்பு. சிவப்புக்குச் செங்கல் ஓடு. நீலமும் பச்சையும் கல்லில் சரியாகக் கிடைக்காததால் கண்ணாடித் துண்டு. அதுவும் காசுக்காரர் வீட்டில் மட்டும். நமக்கு மார்பிள் கடைப் பின்பக்கக் குப்பைமேடே போதும். வெள்ளைக்கு மார்பிள், கறுப்புக்குக் கடப்பா, மஞ்சளுக்கு ஜெய்சால்மர் கல், இளஞ்சாம்பலுக்குக் கோட்டா. நல்லபடியாகக் கேட்டால் சாக்கில் அள்ளிப் போகச் சொல்வார்கள். கிரானைட் வேண்டாம், கையும் உளியும் போய்விடும். சிவப்புக்குப் பழைய சீமையோடு. புது ஓடு ஒரே சிவப்பு. பழசில் வெயில் பட்ட பக்கம் ஒன்று, பாசி பிடித்த பக்கம் ஒன்று, உள்ளே ஒன்று என்று மூன்று சிவப்பு கிடைக்கும். மீனுக்கு அதுதான் உயிர்.

ஓடு என்றதும் அழகன்குளம் ஞாபகம் வரும். வைகை கடலில் சேர்கிற இடத்துக்குப் பக்கத்தில், தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டின இடம். ரோமானிய மது ஜாடித் துண்டுகளும், கப்பல் கீறின பானை ஓடும், இரண்டாம் வாலண்டினியன், தியோடோசியஸ், ஆர்கேடியஸ் என்கிற ரோமானியப் பேரரசர்களின் காசுகளும் அங்கே கிடைத்தன. அந்தக் காசுகள் 4ஆம் நூற்றாண்டின் கடைசியையும் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்தவை. காலியாவின் தெற்கே பண்ணை வீடுகளில் இந்தத் தரைகள் விழுந்துகொண்டிருந்த அதே காலம். அவர்களுடைய காசு இங்கே வந்தது, தரை வரவில்லை. ஆனால் அங்கே போய் ஓட்டுச்சில் பொறுக்கி மொசைக் போடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அது சட்டப்படியும் தப்பு, பொறுக்கின ஒவ்வொரு சில்லும் ஒரு தடயத்தை அழிக்கும்.

அதேபோல பவளப்பாறை. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கிற தேவாலயச் சுவரைப் பார்த்திருப்பீர்கள், கடலில் எடுத்த பவளக்கல்லால் கட்டினது. அந்தக் காலத்தில் அதையே சுட்டுச் சுண்ணாம்பும் ஆக்கினார்கள். இப்போது பவளமும் கடல் விசிறியும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கரையில் செத்து ஒதுங்கினதாக இருந்தாலும் எடுத்தால் வழக்கு. தீவுகள் பக்கம் போகவே வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986லிருந்து தேசியப் பூங்கா. கிளிஞ்சலைத் துண்டாக்கித் தரையில் பதிக்கலாம் என்று ஒரு தடவை முயற்சி செய்தேன். மின்னத்தான் செய்தது. ஒரே மாதத்தில் ஏடு ஏடாக உரிந்து, கால் வைத்தால் குத்தியது. ரோமானியர்கள் கிளிஞ்சலை நீரூற்று மாடத்துச் சுவர்களில் பதித்தார்கள், மிதிபடுகிற தரையில் இல்லை. காரணம் இருந்திருக்கிறது.

இனி வெட்டுவது. அவர்களுடைய கருவி இரண்டே இரண்டு: மரக்கட்டையில் வாய் மேலாக நட்டுவைத்த ஒரு உளி, இரண்டு பக்கமும் கூரான ஒரு சுத்தியல். இத்தாலியில் மொசைக் வேலைக்காரர்கள் இன்றைக்கும் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். நான் லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டைக் கொல்லர் பட்டறையில் கொடுத்துக் கூராக்கி, கறிக்கடைக்காரர் தூக்கிப்போட்ட புளியமரக் கட்டையில் இறக்கினேன். இறங்கின கட்டை வயிற்று உயரத்துக்கு வரவேண்டும். குனிந்து செய்தால் மூன்றாம் நாள் இடுப்பு கேட்கும்.

கல்லை முதலில் கிரைண்டரில், தண்ணீர் ஊற்றிக்கொண்டே, ஒரு சென்டிமீட்டர் அகலப் பட்டைகளாக அறுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவுதான் மெஷின் வேலை. மூக்கை மூடிக்கொள்ளுங்கள், கல்தூசு நெஞ்சைத் தின்னும். பட்டையை இடது கையில் பிடித்து, உடைய வேண்டிய இடம் உளி வாயின்மேல் படும்படி வைத்து, நேர் மேலே சுத்தியலால் ஒரு தட்டு. ஓங்க வேண்டாம், சுத்தியலின் கனம் போதும். கல் டக்கென்று உளிக்கு நேராக விட்டுக்கொடுக்கும். கணுக்கையை விறைப்பாக வைத்தால் கோணலாக உடையும். நாற்பது ஐம்பது துண்டு வீணானபிறகு கைக்கு ஒரு தாளம் வரும், அப்புறம் பேசிக்கொண்டே செய்யலாம். அறுத்த முகத்தைவிட உடைந்த முகத்தில்தான் நிறம் நன்றாகத் தெரியும். பதிக்கும்போது அதை மேலே வையுங்கள்.

ஒரு அடிச் சதுரத்துக்குச் சுமாராக எழுநூறு துண்டு வேண்டும். பாதிக்கு மேல் வெள்ளை. ஓரத்துக்கும் மீன் கோட்டுக்கும் கறுப்பு நூற்றைம்பது, உடம்புக்குச் சிவப்பு எண்பது, மஞ்சள் இருபது போதும். பழகின கைக்கு மணிக்கு எண்பது வரும். இந்தக் கணக்கில் பார்த்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஏழெட்டாயிரம் துண்டு. பிரான்ஸில் ழேர் மாவட்டத்தில் செவியாக் என்ற இடத்தில் 600 சதுர மீட்டருக்கு மேல் மொசைக் இருக்கிறது. கிட்டத்தட்ட அரைக்கோடித் தட்டு. உளி முன்னால் உட்கார்ந்திருந்தவர்களின் பெயர் ஒன்றும் தெரியாது.

படத்துக்கு ஏன் நகரை? நெட்டில் தேடினால் டால்பினும் மயிலும்தான் வரும். அவற்றை அப்படியே எடுக்கலாம்; ஆனால் ரோமானியத் தரையில் எனக்குப் பிடித்ததே, வீட்டுக்காரர்கள் தாங்கள் பார்த்ததையும் தின்றதையும் போட்டதுதான். செவியாக்கில் பழமரங்களும் திராட்சைக் கொடியும். தோர்தோஞ் பகுதியில் மோங்காரே என்ற கிராமத்தில், 1887இல் துணி துவைக்கிற கொட்டகைக்கு அஸ்திவாரம் தோண்டினபோது ஒரு வில்லா கிடைத்தது. அதன் குளியல் தொட்டியின் அடித்தரையில் மீனும் சிப்பியும் பேய்க்கணவாயும். தண்ணீர் நிரப்பினால் அவை நீந்துகிற மாதிரி இருந்திருக்கும். பிரான்ஸின் வியன் நகரத்துக்கு, ரோன் ஆற்றின் எதிர்க்கரையில், செய்ன்-ரோமேன்-ஆன்-கால் என்ற ஊரில் கிடைத்த 3ஆம் நூற்றாண்டுத் தரை ஒன்றில் பெரும்பாலும் விவசாய வேலை: ஒட்டுப்போடுவது, ஆலிவ் பறிப்பது, எரு சுமப்பது, கூடை முடைவது. இப்போது அது பாரிஸ் பக்கம் செய்ன்-ஜெர்மேன்-ஆன்-லே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் நமக்கு நகரைதான். சிவப்பு உடம்பு, மஞ்சள் வரி, தாடைக்குக் கீழே இரண்டு மீசை. இதன் ஒன்றுவிட்ட சகோதரனை ரோமானியர்கள் கொண்டாடி, கொள்ளை விலை கொடுத்துத் தின்றிருக்கிறார்கள். அவர்கள் மீன் மொசைக்குகளிலும் அது உண்டு. பாம்பன் ஏலக்கூடத்தில் இதற்கு அவ்வளவு மரியாதை இல்லை.

மீனைத் தாளில் உண்மை அளவில் வரைந்து, ஊசியால் கோடு நெடுகக் குத்தி, செங்கல் தளத்தின்மேல் வைத்துக் துணியில் கட்டின கரித்தூள் முடிச்சால் ஒற்றுங்கள். பிறகு ஆணியால் கீறிவிடுங்கள். தோண்டியெடுத்த ரோமானியத் தரைகளிலும் கல்லுக்கு அடியில் இப்படிக் கீறல், நூல் தடம், வண்ணக்கோடு எல்லாம் பார்த்திருக்கிறார்கள். வாயைப் பெரிதாக வரையாதீர்கள். ஒரு சென்டிமீட்டர் கல்லில் வாய் இரண்டு துண்டுதான். செதில் எல்லாம் நினைக்கவே வேண்டாம்.

பதிக்கிற கலவை: சுண்ணாம்பு ஒன்று, துணியில் சலித்த மார்பிள் பொடி ஒன்று. அரை சென்டிமீட்டர் கனம். முழுப் பலகையிலும் பரப்பக்கூடாது; உள்ளங்கை அகலத்துக்கு மட்டும். அப்போதுதான் மிச்சக் கோடு கண்ணுக்குத் தெரியும். துண்டுகளை அரைமணி தண்ணீரில் போட்டுவையுங்கள். காய்ந்த கல் கலவையின் ஈரத்தை இழுத்துக்கொண்டு பிறகு கழன்று வரும். டைல்ஸில் நாங்கள் முதல் நாளே கற்கிற பாடம்.

கண்ணிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு கறுப்பு, சுற்றிலும் வெள்ளையைப் பாதியாக உடைத்து நாலைந்து. கண் நன்றாக வந்துவிட்டால் மிச்சத்துக்குத் தைரியம் வரும். அடுத்து வெளிக்கோடு, கறுப்பில் ஒரே வரிசை. வளைவில் துண்டுகளை ஆப்பு மாதிரி ஒரு பக்கம் ஒடுக்கி உடைக்க வேண்டும். சதுரத் துண்டாகவே வைத்துக்கொண்டு போனால் இடைவெளி பல்லிளிக்கும். உடம்புக்குள் முதுகில் கருஞ்சிவப்பு, நடுவில் மஞ்சள் வரி ஒன்று, வயிற்றுக்கு வெளிர்ச்சிவப்பு. வரிசைகள் தலையிலிருந்து வாலுக்கு ஓடவேண்டும், குறுக்கே இல்லை.

இப்போது வருவதுதான் இந்த வேலையின் சூட்சுமம். மீன் முடிந்ததும் பின்புல வெள்ளையை நேர்வரிசையாக நிரப்ப ஆரம்பிக்காதீர்கள். முதலில் மீனைச் சுற்றி, அதன் வளைவையே பின்பற்றி, வெள்ளையில் ஒரு வரிசை. முடிந்தால் இரண்டு. அதற்கப்புறம் ஓரக் கறுப்பு வரிசை. மிஞ்சின இடத்தில்தான் நேர்வரிசை வெள்ளை. ரோமானியத் தரையை எங்கே பார்த்தாலும் இந்தச் சுற்று வெள்ளையைத் தேடுங்கள். தூரத்திலிருந்து தெரியாது, குனிந்தால் தெரியும். உருவம் தரையிலிருந்து பிரிந்து நிற்பது அதனால்தான். நான் செய்த முதல் மீனில் இதை விட்டுவிட்டேன். தரையில் ஒட்டின ஸ்டிக்கர் மாதிரி இருந்தது.

ஓரத்தில் சதுரம் இடிக்கும். எந்தச் சட்டமும் எந்த அறையும் மூலைமட்டத்துக்குச் சரியாக இருக்காது. நாங்கள் வெட்டுத்துண்டு டைல்ஸைச் சுவரோரம் ஒளித்துவைப்போம். ரோமானியர்கள் சுவரையொட்டி வெறும் ஒற்றை நிறப் பட்டை ஒன்று விட்டு, கோணலை அதற்குள் விழுங்கவைத்தார்கள். நீங்களும் கறுப்பு வரிசைக்கு வெளியே ஒரு வெள்ளை வரிசை விட்டுவிடுங்கள், கோணல் அங்கே போகட்டும்.

ஒவ்வொரு கையகலமும் முடிந்ததும் சின்ன மட்டப்பலகையை மேலே வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டி மட்டம் பாருங்கள். இடைவெளி ஒரு மில்லிமீட்டர் இருந்தால் போதும். முழுசும் முடிந்து இரண்டு நாள் கழித்து, அதே சுண்ணாம்பு மார்பிள் கலவையைத் தண்ணீராகக் கரைத்து இடுக்கில் தேய்த்து, சாக்குத் துணியால் குறுக்காகத் துடைத்துவிடுங்கள். வெள்ளை அதிகமாகத் தெரிந்தால் ஒரு சிட்டிகை செங்கல் பொடி. பிறகு ஈரச் சாக்கு, நிழல், தினம் ஒரு தெளிப்பு, பத்து நாள். அப்புறம் சாக்கை எடுத்துவிட்டு ஒரு மாதம் காற்றாட விடுங்கள். சுண்ணாம்பு காற்றைக் குடித்துத்தான் கல்லாகிறது; பாலித்தீன் போட்டு மூடினால் உள்ளே சோறு மாதிரி கிடக்கும்.

மாதம் முடிந்ததும் தண்ணீர் விட்டு கார்போரண்டம் கல்லால் கையாலேயே தேயுங்கள், முதலில் 120 நம்பர் சொரசொரப்பு, அடுத்து அதைவிட நைசான 220. காலில் இடறாத அளவுக்குப் போதும். கண்ணாடிப் பளபளப்பு வேண்டாம். உடைந்த முகத்தின் சின்ன மேடுபள்ளத்தில்தான் வெளிச்சம் விளையாடும். நனைத்துப் பார்த்தால் சிவப்பெல்லாம் எழுந்து நிற்கும். தரை காய்ந்து கிடக்கும்போது அதைச் சப்பென்று நினைக்காதீர்கள், ஈரக்காலோடு ஒருவர் நடந்து போனதும் பாருங்கள்.

துடைக்க வெறும் தண்ணீர். பினாயில்கூடப் பரவாயில்லை. பாத்ரூம் ஆசிட், எலுமிச்சை, புளி மூன்றும் ஆகாது. மார்பிளும் கடப்பாவும் சுண்ணாம்பு இனம், புளிப்புப் பட்டால் பொங்கி அரிக்கும். இதை நான் வீட்டில் சொல்ல மறந்துவிட்டேன். மார்கழிக் கடைசியில் எங்கள் வீட்டம்மா பித்தளைக் குத்துவிளக்கைத் திண்ணையில் வைத்துப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார், சரியாக நகரையின் தலைமேல். கழுவிவிட்டுப் பார்த்தால் கறுப்புக் கண் சாம்பல் நிறம். பொங்கலுக்கு வந்த அம்மா பார்த்துவிட்டு, "அவிச்ச மீனுக்குத்தான் கண்ணு இப்படி இருக்கும்" என்றார்.

ஒரு துண்டை மட்டும் மாற்றுவது பெரிய வேலை இல்லை. சுற்றியுள்ள இடுக்கைத் தடித்த கோணி ஊசியால் சுரண்டி, சின்ன உளியால் நடுவில் தட்டி நாலாக உடைத்து எடுத்துவிட வேண்டும். நெம்பினால் பக்கத்துத் துண்டும் சேர்ந்து வரும். குழியை நனைத்து, துளி சுண்ணாம்புக் கலவை, புதுக் கடப்பாத் துண்டு, கட்டைவிரலால் அழுத்தம். ஈரத் துணியைச் சுருட்டி மூன்று நாள் அதன்மேல் வைத்தேன். விளக்குத் தேய்க்கிற இடம் இப்போது கிணற்றடி.